உயிர் பிழைத்த பிள்ளைக்குக் காதும் கேட்க வேண்டும்



சேமிப்பு, கடன் பற்றி நிறைய பேர் பேசிட்டீங்க. நான் பிள்ளைங்க காதைப் பற்றிப் பேசுறேன்.

என் மகளுக்கு ஒன்றே கால் வயசுல மூளைக்காய்ச்சல் வந்தது. மூளையைச் சுற்றியுள்ள உறையில் பாக்டீரியா கிருமி தொற்றும் வகை அது. ஊசி மருந்துல பிழைச்சா. பார்க்க வந்தவங்க, "உசுரு தப்பிச்சதே போதும்"னாங்க. ஆனா வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே டாக்டர் காது சோதனை எழுதிக் கொடுத்தார். அதுக்கு 'பெரா'ன்னு பேரு. பிள்ளை தூங்கும்போது தலையில ஒயர் ஒட்டி, காதுல சத்தம் கொடுத்துப் பார்ப்பாங்க. வலி கிடையாது. ரெண்டு காதும் கேக்கலைன்னு அதுலதான் தெரிஞ்சது.

உள்காதுல நத்தைக்கூடு மாதிரி ஒரு பகுதி இருக்கு. இந்தக் காய்ச்சல் அதையும் தாக்கும். அங்கே செத்த நுண்ணிய செல்கள் திரும்ப முளைக்காது. சில பிள்ளைங்களுக்குச் சில வாரத்துலயே அந்தக் கூட்டுக்குள்ள எலும்பு வளர ஆரம்பிச்சிடும். அப்புறம் காக்ளியர் கருவி பொருத்துறது கஷ்டம். அதனால "பேச்சு வரட்டும், பார்ப்போம்"னு காத்திருக்கக் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல ஆறு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு. என் மகளுக்கும் அதுலதான் செஞ்சோம். பிறகு பேச்சுப் பயிற்சிக்காக வாராவாரம் தஞ்சாவூருக்கு ரயில்ல போனோம். ஒரு தடவை வெளிக்கருவி ஒயர் அறுந்துபோச்சு. குழுவுல உள்கடன் வாங்கி மாத்தினேன். பத்துத் தவணையில கட்டி முடிச்சேன். இப்ப அவ ரெண்டாவது படிக்கிறா, வாய் ஓயாம பேசுறா.

தடுப்பூசியும் முக்கியம். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாசத்துல போடுற பென்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டுல 2011 டிசம்பர்ல வந்தது. நிமோகாக்கல் ஊசி 2021-லதான் அரசு அட்டவணையில சேர்ந்தது. இந்த நோயின் எல்லா வகையையும் இவை தடுக்காது. ஆனா முக்கியமான ரெண்டு கிருமிகளைத் தடுக்கும். ஒரு தவணையும் விடாதீங்க.

நான் கேட்கிறது ஒண்ணுதான். ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும், "மூளைக்காய்ச்சல் வந்து வீடு திரும்பிய பிள்ளை நம்ம தெருவுல உண்டா? காது சோதனை ஆச்சா?" என்று கேட்டு, தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஆகலைன்னா, அந்த வாரமே ஒரு உறுப்பினர் அந்தத் தாயோடு துணைக்குப் போகணும்.