நெல்முளையும் பார்லிமுளையும்

மாட்டுங்காவில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். போன மாதம் என் அக்கா மகன் அந்தேரியில் உள்ள ஒரு சின்ன பீர் ஆலைக்கு என்னை அழைத்துப்போனான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காய்ச்சுகிறார்கள், இந்தப் பக்கம் மேஜை போட்டுப் பரிமாறுகிறார்கள். வேண்டியவர்கள் பெரிய புட்டியில் பிடித்து வீட்டுக்கும் கொண்டுபோகலாம். 2009-இல் புனேயில் தொடங்கிய டூலாலி போன்றவர்கள் வழிகாட்ட, இந்த மாதிரி இடங்கள் இப்போது மும்பையில் நிறைய வந்துவிட்டன.

எனக்குப் பீர் பழக்கமில்லை. அதைக் காய்ச்சும் இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் என் உள்ளங்கையில் ஒரு பிடி பார்லியைக் கொட்டி, "மென்று பாருங்கள், அங்கிள்" என்றார். மொறுமொறுவென்று உடைந்தது. நாக்கில் மெல்ல ஒரு தித்திப்பு. மூக்கில் ஹார்லிக்ஸ் வாசனை. பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் அனலில் உலர்த்தி எடுப்பதுதான் மால்ட். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, அரைத்து ராகி மால்ட் என்கிறோமே, அதே மால்ட்தான். முளைக்கும்போது தானியம் தனக்குள் நொதிகளைச் சுரக்கிறது. அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி கெட்டியாகாமல் இளகி இனிப்பதும் இதனால்தான். உடைத்த மால்ட்டைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் இனிப்புச் சாறு இறங்கும். அதை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்க்கிறார்கள்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு மெய் சிலிர்த்தது. இதை நான் படித்திருக்கிறேன், பெரும்பாணாற்றுப்படையில். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிப்படுத்துகிற நூல் அது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். வழியில் வலைஞர் வீட்டில் கிடைக்கும் கள்ளை எப்படிச் செய்கிறார்கள் என்று படிப்படியாகச் சொல்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவ வேண்டும். அகன்ற வாயுள்ள பிழா என்ற பாத்திரத்தில் கொட்டி ஆற்ற வேண்டும். புற்றாஞ்சோறு போலத் தோன்றும் நல்லடையை அதில் கலக்க வேண்டும். உரைகாரர்கள் இந்த அடைக்கு முளை என்று பொருள் சொல்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு கழிந்ததும் வலிய வாயுள்ள சாடியில் பச்சை வாடை போக விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும்.

இதை இந்தியில் அவருக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் என்னை நிறுத்தினார். "முதலில் ஆற்றினார்களா? அதற்குப் பிறகுதான் முளையைச் சேர்த்தார்களா?" ஆமாம் என்றேன். "கொதிக்கிற களியில் முளையைப் போட்டால் நொதி செத்துவிடும், அங்கிள். அவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது" என்றார். எத்தனையோ தடவை படித்த அடிகள். ஆற்றுவது எதற்கு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வெப்பமானி இல்லாத காலத்தில் கையால் தொட்டுப் பார்த்துச் சூடு அறிந்த ஒருத்தியின் அறிவு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

குடியால் சீரழிந்த வீடுகளை நான் அறிவேன். பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949-இல் வந்தது. அந்தக் காலத்தில் தாராவியில் கள்ளச்சாராயம் காய்ச்சியதும், அதனால் நம்மவர்கள் பட்ட பாடும் இன்னும் பேசப்படுகின்றன. ஆகவே யாரையும் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. இங்கே பீருக்கும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். இதற்கிடையில் நெல்முளையிட்டுச் செய்யும் முறை நம் நினைவிலிருந்தே போய்விட்டது என்பதுதான் என் ஆதங்கம். வீட்டில் சமைத்த நெல்கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். அந்தச் சொல் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

கிளம்பும்போது அந்த இளைஞர் ஒரு தாளில் 'தோப்பி' என்று மராத்தி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டார். தீட்டாத அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். மாட்டுங்கா மார்க்கெட்டில் தமிழ்க்காரர் கடையில் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். சாடி? தாராவி கும்பர்வாடாவில் குயவர்கள் இருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கப்போகிறோம்.