விபத்து வழக்கும் வக்கீல் பீசும்



ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் கொத்தனார். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்புகிறார். பின்னால் வந்த லாரி மோதுகிறது. கால் எலும்பு முறிந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வருகிறார். முன்பின் தெரியாதவர். கையில் பழம் வைத்திருக்கிறார்.

“பெரிய வக்கீல் அனுப்பினார். உங்களுக்கு ஒரு காசு செலவில்லை. வருகிற நஷ்டஈட்டில் நூற்றுக்கு 25 எங்களுக்கு. இதில் கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார்.

ஐந்தாறு தாள்களை நீட்டுகிறார். எல்லாம் வெற்றுத் தாள்கள்.

கொத்தனாரின் மனைவி இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவர். அவர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

“எழுதாத தாளில் எதைப் படித்துக் கையெழுத்துப் போடுவது?” என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடுவோம்.

வக்கீல் என்ன செய்கிறார்?

விபத்து நடந்தால் போலீசார் குற்ற வழக்குப் போடுவார்கள். அது வண்டி ஓட்டியவர் மீது. அடிபட்டவருக்குப் பணம் கிடைப்பது வேறு வழக்கில். அதற்கென்றே தீர்ப்பாயம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு வழி செய்கிறது.

வக்கீல் முதலில் காகிதங்களைச் சேகரிக்கிறார். போலீசின் முதல் தகவல் அறிக்கை, டாக்டர் சான்று, மருந்து ரசீது, கூலி விவரம் எல்லாம் வேண்டும். பிறகு மனு எழுதுகிறார். வண்டியின் சொந்தக்காரரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் வழக்கில் சேர்க்கிறார். சாட்சிகளை விசாரிக்கிறார். கால் எவ்வளவு ஊனம், அதனால் எவ்வளவு வருமானம் போயிற்று என்று நிரூபிக்கிறார்.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். நாள் கடத்தக் கூடாது. விபத்து வெளியூரில் நடந்தாலும், குடியிருக்கும் ஊருக்கு உரிய தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டதா? எந்த வண்டி என்றே தெரியவில்லையா? அதற்கும் உதவி உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய். இதற்குத் தாசில்தார் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பீஸ் எப்படி?

உழைப்புக்குக் கூலி உண்டு. வக்கீலுக்கும் அப்படியே. தொகையை முதலிலேயே பேச வேண்டும். தவணையாகத் தரலாமா என்று கேட்கலாம். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்க வேண்டும்.

ஆனால் நஷ்டஈட்டில் பங்கு கேட்கக் கூடாது. அமெரிக்காவில் அந்த வழக்கம் உண்டு. இந்தியாவில் வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2017இல் இதை உறுதியாகச் சொன்னது. அந்த வழக்கும் ஒரு விபத்து நஷ்டஈட்டில் கிளம்பியதுதான். ஆள் அனுப்பி வழக்குப் பிடிப்பதும் விதிப்படி தவறு.

ஒரு கணக்குப் போடுங்கள். நஷ்டஈடு 8 லட்சம் ரூபாய். நூற்றுக்கு 25 என்றால் 2 லட்சம் போய்விடும். அந்தப் பணம் லாபம் அல்ல. ஒடிந்த காலுக்கும் இழந்த கூலிக்கும் உரிய பணம். பிள்ளைகளின் சோறு அதில்தான் இருக்கிறது.

கையில் காசே இல்லாதவர் என்ன செய்வது?

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அவர்களுக்காகவே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். மாவட்ட நீதிமன்றத்தில் இதற்கான அலுவலகம் உள்ளது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகவும் முடிக்கலாம். ஆனால் அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது. ஆகவே தொகை போதுமா என்று யோசித்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நினைவில் வையுங்கள்:

வெற்றுத் தாளில் கையெழுத்தும் வேண்டாம், கைநாட்டும் வேண்டாம்.

வழக்கு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நஷ்டஈடு உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். பாஸ்புத்தகமும் காசோலையும் உங்களிடமே இருக்கட்டும்.

அந்த மனைவி தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். அதில் எழுத்து இருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்தார். புரியாததைக் கேட்டார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.