மூடுமுன் எண்ணிப் பாருங்கள்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் வீட்டுச் சீரமைப்புக் கடன் பற்றிப் பேசியபோது பின்வரிசையில் இருந்து ஒரு கேள்வி வந்தது. "பால்ஸ் சீலிங் போட கடன் தர்றீங்க, சரி. அது தலையில விழாதுன்னு யாரு சொல்றது?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டு விட்டுவிடுகிற கேள்வி இல்லை அது. அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசுவோம்.

டவுனில் துணிக்கடையிலும் நகைக்கடையிலும் பார்த்த பால்ஸ் சீலிங் இப்போது நம் ஊர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. சித்திரை, வைகாசி வெயிலில் ஷீட் வீட்டுக்குள்ளே பிள்ளைகள் படுக்க முடியவில்லை. கூரைக்குக் கீழே இரும்புச் சட்டம் தொங்கவிட்டு, அதில் ஜிப்சம் போர்டை முடுக்கிவிட்டால் நேரடியாக இறங்கும் சூடு குறைகிறது. பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் கடன் வாங்கிச் செய்கிற வேலை நிலைத்து நிற்க வேண்டும் அல்லவா?

ஜிப்சம் நமக்குப் புதிதல்ல

நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுகிறோமே, அதே ஜிப்சம்தான். அதைச் சூடாக்கி அதிலுள்ள நீரில் பெரும்பகுதியைப் போக்கினால் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் மாவு. சாக்பீஸ் தொழில் செய்யும் குழுக்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் விட்டுக் குழைத்தால் சில நிமிடத்தில் இறுகிவிடும். போர்டும் அப்படி இறுகியதுதான். இரண்டு கெட்டிக் காகிதத்துக்கு நடுவில் அந்த மாவை இறுக வைத்தது. அரை அங்குலக் கனம் இருக்கும்.

சாக்பீஸ் எப்படி உடையுமோ, தண்ணீரில் எப்படி ஊறுமோ, போர்டின் உள்ளிருப்பதும் அப்படித்தான். அதற்குப் பலம் கொடுப்பது மேலே ஒட்டியிருக்கும் காகிதம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவோம்.

அடுத்தது எடை. 6 அடிக்கு 4 அடி போர்டு ஒன்று ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். 12 அடிக்கு 10 அடி அறைக்கு 5 போர்டு வேண்டும். ஆக மொத்தம் 100 கிலோ. அதாவது இரண்டு மூட்டை சிமெண்ட். சட்டத்தின் எடை தனி. இரண்டு மூட்டை சிமெண்ட் தலைக்கு மேலே தொங்குகிறது, கீழே பாய் போட்டுப் பிள்ளைகள் படுக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அப்போது எந்தப் பெயிண்ட் அடிக்கலாம் என்ற கேள்விக்கு முன்னால், எதைப் பிடித்துத் தொங்குகிறது என்ற கேள்வி வரும்.

நடந்தது என்ன?

நம் உறுப்பினர் ஒருவர் குழுக்கடனில் தளம் போட்ட வீட்டுக்குச் சீலிங் போட்டார். ஏழாவது மாதம் ஒரு மூலை இறங்கியது. டேப் கிழிந்து கோடு விழுந்தது. பட்டி பார்த்து அடைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, எல்லோரும் களை எடுக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு போர்டு அப்படியே கட்டில் மேல் விழுந்தது. நல்ல வேளை, வீட்டில் யாரும் இல்லை.

நாங்கள் போய்ப் பார்த்தோம். விழுந்த போர்டில் இருந்தது மொத்தம் 12 ஸ்க்ரூ. அதிலும் பாதி, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. மேலே சேனலைத் தளத்தோடு பிடித்திருந்தது மர முளையும் கட்டுக்கம்பியும். மரம் காய்ந்து சுருங்கி, முளை கழன்றிருந்தது. வேலை செய்தவர் போனை எடுக்கவில்லை. அந்தச் சகோதரி இன்றும் தவணை கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாத தப்பு இல்லை. பட்டி வைத்து மூடும் வரைக்கும் எல்லாம் வெளியேதான் இருந்தது. யாராவது அண்ணாந்து பார்த்து எண்ணியிருந்தால் போதும். கல்லாப் பெட்டியை எண்ணாமல் பூட்டுகிறோமா? அதே பழக்கம்தான் இங்கேயும் வேண்டும்.

என்ன பார்க்க வேண்டும்?

முதலில் மேலே பாருங்கள். கான்கிரீட் தளமாக இருந்தால் டிரில் போட்டு, இரும்பு ஆங்கர் போல்ட் இறக்கி, அதிலிருந்து பட்டையைத் தொங்கவிட வேண்டும். நாலு அடிக்கு ஒன்று கட்டாயம். மர முளை வேண்டாம், கட்டுக்கம்பி வேண்டாம், ஆணி வேண்டவே வேண்டாம். சுவரைச் சுற்றி வரும் சேனலை இரண்டு அடிக்கு ஒரு இடத்தில் பிளக் வைத்து முடுக்க வேண்டும். அந்த ஸ்க்ரூ பூச்சைத் தாண்டிச் செங்கல்லைப் பிடிக்க வேண்டும். பூச்சை மட்டும் பிடித்தால் பூச்சோடு சேர்ந்து வந்துவிடும்.

ஷீட் வீடாக இருந்தால் ஷீட்டில் எதையும் தொங்கவிடக் கூடாது. காற்றுக்கு ஷீட் ஆடும். 2018-இல் கஜா புயலில் எத்தனை ஷீட் பறந்தது என்று டெல்டா பக்கத்து சொந்தக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளை போடும்போது வரும் தூசி நுரையீரலுக்கும் கெடுதல். கூரையைத் தாங்கும் இரும்புப் பைப்பிலிருந்துதான் பிடிமானம் எடுக்க வேண்டும். அந்தப் பைப் இன்னும் 100 கிலோவுக்கு மேல் தாங்குமா என்று வெல்டரிடம் முன்பே கேளுங்கள். தாங்காது என்றால் எடை குறைந்த பி.வி.சி. பலகையைப் பாருங்கள்.

இரண்டாவது, சட்டம். மேலே பெரிய சேனல் நாலு அடிக்கு ஒன்று. அதற்குக் குறுக்கே போர்டைப் பிடிக்கும் சேனல் ஒன்றரை அடிக்கு ஒன்று. ஒன்றரை அடி என்றால் நமக்குத் தெரிந்த கணக்கு, ஒரு முழம். பூ அளக்கிற முழம்தான். போர்டு ஏற்றுவதற்கு முன்னால் சேனலைக் கையால் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். ஆடக் கூடாது, இறங்கக் கூடாது.

மூன்றாவது, ஸ்க்ரூ. போர்டின் நீளம் சின்னச் சேனல்களுக்குக் குறுக்கே வர வேண்டும். ஒவ்வொரு சேனல் மீதும் 9 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. 9 அங்குலம் என்றால் ஒரு சாண். 6 அடி போர்டு ஐந்து சேனல் மேல் உட்காரும். சேனலுக்கு ஆறு வீதம் 30 ஸ்க்ரூவுக்குக் குறையக் கூடாது. டேப் தேவையில்லை, நோட்டுத் தேவையில்லை. "முழத்துக்கு ஒரு சேனல், சாணுக்கு ஒரு ஸ்க்ரூ." இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

போர்டுக்கென்றே கறுப்பு ஸ்க்ரூ வருகிறது. ஒரு அங்குல நீளம். சாதாரண ஸ்க்ரூ போட்டால் பட்டியின் ஈரத்தில் துருப்பிடித்து, பெயிண்ட் மேல் பழுப்புப் பொட்டு வைக்கும். ஓரத்தில் முடுக்கும்போது விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலமாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் பொடிந்துவிடும். போர்டின் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். நாலு மூலையையும் முதலில் பிடித்துவிட்டால் நடுவில் தொப்பை விழும்.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருவோம். ஸ்க்ரூவின் தலை காகிதத்தை லேசாக அமுக்கி, மட்டத்துக்குக் கீழே சற்றே இறங்கி நிற்க வேண்டும். காகிதம் கிழியக் கூடாது. கிழிந்தால் அந்த ஸ்க்ரூ கணக்கில் சேராது. இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போடச் சொல்லுங்கள். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். தலை தட்டுப்பட்டால் இன்னும் முடுக்க வேண்டும். மாவு உதிர்ந்தால் அதிகமாக முடுக்கிவிட்டார்கள்.

போர்டு இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் வராமல், செங்கல் வரிசை மாதிரி மாறி மாறி வர வேண்டும். இணைப்பில் டேப் ஒட்டி அதற்கான பட்டி வைத்தால்தான் விரிசல் வராது.

சுவருக்கும் இதே போர்டு

தையல் கூடம், கடை என்று குறுக்குச் சுவர் எழுப்பவும் இந்தப் போர்டைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே நிற்கும் சட்டம் இரண்டு அடிக்கு ஒன்று, ஸ்க்ரூ ஒரு அடிக்கு ஒன்று போதும். போர்டு தரையைத் தொடக் கூடாது. அரை அங்குலம் தூக்கி நிறுத்த வேண்டும். தொட்டால் தரை துடைக்கும் தண்ணீரை உறிஞ்சி, அடி ஊறிவிடும். அலமாரி மாட்டப் போகிறீர்கள் என்றால் மூடுவதற்கு முன்பே சொல்லி, அந்த இடத்தில் உள்ளே மரச்சட்டம் வைக்கச் சொல்லுங்கள்.

தூளியும் மின்விசிறியும்

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். சீலிங் போர்டிலோ, அதன் சேனலிலோ மின்விசிறி மாட்டக் கூடாது. தூளி கட்டவே கூடாது. தூளியில் குழந்தையின் எடை மட்டும் இல்லை, ஆட்டும்போது இழுக்கும் வேகமும் சேர்கிறது. மின்விசிறிக்கும் தூளிக்கும் கொக்கி தளத்திலிருந்தோ உத்திரத்திலிருந்தோ நேராக இறங்கி, போர்டில் துளை வழியாக வெளியே வர வேண்டும். எந்தெந்த இடத்தில் கொக்கி வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே காட்டிவிடுங்கள். மகளின் பிரசவம் வரும்போது யோசித்தால் போர்டை உடைக்க வேண்டியிருக்கும்.

ஒழுகுகிற கூரைக்குக் கீழே சீலிங் போடாதீர்கள். ஒழுகலை அடைத்து, ஐப்பசி கார்த்திகை மழை ஒன்றைப் பார்த்துவிட்டு, தை பிறந்ததும் வேலையை ஆரம்பியுங்கள். ஊறிய போர்டு கனக்கும், வளையும். ஈரக்கறை தெரிந்தால் பெயிண்ட் அடித்து மறைக்காமல் மேலே என்ன என்று பாருங்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பொருளுக்கு முன்பணம். சட்டம் முடிந்து இழுத்துப் பார்த்த பிறகு ஒரு பங்கு. ஸ்க்ரூ எண்ணிய பிறகு ஒரு பங்கு. பெயிண்ட் முடிந்ததும் மீதி. "நாங்க பார்க்காம பட்டி வைக்கக் கூடாது" என்று ஆரம்பத்திலேயே சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

"அக்கா, நமக்கு என்ன தெரியும்னு கேட்பாங்களே" என்று சிலர் தயங்குகிறீர்கள். கறவை மாட்டுக் கடன் கொடுத்தால் குழுவில் இரண்டு பேர் போய் மாட்டைப் பார்க்கிறோம். பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம். அதேபோல் சீலிங் கடன் கொடுத்தால் இரண்டு பேர் போய் ஸ்க்ரூவை எண்ணுங்கள். எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். தனியாக ஒரு பெண் கேட்டால் மழுப்புவார்கள். குழுவாகப் போய்க் கேட்டால் பதில் வரும்.

கடைசியாக ஒன்று. நம்மில் எத்தனையோ பேர் இருபது வருஷமாகச் சித்தாள் வேலை செய்கிறோம். கல்லும் கலவையும் சுமக்கிறோம், கூலி மட்டும் ஏறுவதில்லை. டேப் ஒட்டுவது, பட்டி இழுப்பது, மட்டம் பார்த்து ஸ்க்ரூ முடுக்குவது எல்லாம் கை நிதானம் கேட்கிற வேலை. அது நம்மிடம் இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் உங்கள் பிரதிநிதியிடம் பெயர் கொடுங்கள். போதுமான பேர் சேர்ந்தால் பயிற்சிக்குக் கூட்டமைப்பில் பேசி ஏற்பாடு செய்வோம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இன்னும் பதியாதவர்கள் அதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் எந்த வீட்டிலாவது சீலிங் வேலை நடந்தால், பட்டி வைப்பதற்கு முன் போய், ஒரு போர்டில் எத்தனை ஸ்க்ரூ என்று எண்ணி வந்து சொல்லுங்கள். முப்பதுக்குக் குறைந்தால் அந்த வீட்டுக்காரரிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.