சொறியாதே என்று சொல்லும் முன்

கோலசிலாங்கூர் தொடங்கி வடக்கே சபாக் பெர்ணம் வரை, தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான்களிலும் கரப்பான் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். முழங்கை மடிப்பிலும், முழங்காலின் பின்புறத்திலும், கழுத்திலும் தோல் தடித்துக் கறுத்துப் போகும்; இரவெல்லாம் அரிக்கும். மருத்துவர்கள் இதனை எக்ஸிமா என்பார்கள். இந்தப் பிள்ளைகளின் தோலைப் பற்றிச் சிறிதும், அவர்களை வளர்க்கும் பெற்றோரின் மனத்தைப் பற்றிச் சற்று அதிகமாகவும் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் மூன்று செய்திகள். ஒன்று, கரப்பான் ஒட்டுநோய் அன்று. பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. சிரங்கு வேறு, வீட்டில் பலருக்கும் ஒரே சமயத்தில் அரிப்பு வந்தால் அது சிரங்காக இருக்கலாம். அப்போது குடும்பமே கிளினிக்குக்குப் போக வேண்டும். இரண்டு, இது யாருடைய குற்றமும் அன்று. இந்தப் பிள்ளைகளின் தோலுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் வலிமை குறைவு. இழுப்பு உள்ள குடும்பங்களில் இது அதிகம் காணப்படும். அதனால் மாமியார் மருமகளையும், மருமகள் கணவன் வீட்டாரையும் குறை சொல்வதில் பயனில்லை. மூன்று, இது தணிந்து தணிந்து மீண்டும் வரும் நோய். பல பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறக் குறையும். ஒரே வாரத்தில் ஒழித்துவிடுவதாகச் சொல்லி விற்கும், பெயர்ச்சீட்டு இல்லாத களிம்புகளை நம்பாதீர்கள்.

இனி, வீட்டு நிலையைப் பார்ப்போம். நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் நம் வட்டாரத்துத் தென்னமாரத்தில்தான் தொடங்கியது. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போவது நம் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அத்தகைய வீட்டில் இரவுத் தூக்கம் பெரிய செல்வம். நடுச்சாமத்தில் பிள்ளை நறநறவென்று சொறிகிறது. அம்மா விழிக்கிறார், அப்பா புரண்டு படுக்கிறார். “சொறியாதே!” என்ற அதட்டல் எழுகிறது. சில வேளை கையில் ஓர் அடியும் விழுகிறது. பிள்ளை அழுகிறது, அழுதால் உடல் சூடாகிறது, வியர்க்கிறது, அரிப்பு கூடுகிறது. பிறகு யாருக்கும் தூக்கமில்லை.

இந்தக் காட்சியில் எவரும் கெட்டவர் அல்லர். களைப்பும் கவலையும் சேர்ந்துதான் கோபமாக வெளிவருகின்றன. ஆனால் பிள்ளையின் காதில் விழுவது என்ன? காலையில் சொறியாதே, பள்ளியில் சொறியாதே, இரவில் சொறியாதே. தன் உடம்பே ஒரு குற்றம் என்று அது எண்ணத் தொடங்கிவிடும்.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் என்பவர், நாட்பட்ட நோயாளிகளுக்கு ஒரு பயிற்சி தொடங்கினார். இந்த நொடியில் உடலிலும் மனத்திலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனித்தல் என்பதே அது. 1998-இல் அவர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செதில் படை நோய்க்கு ஒளிச் சிகிச்சை பெற்ற 37 பேரில், அந்தப் பயிற்சியை ஒலிநாடாவில் கேட்டவர்களுக்குத் தோல் விரைவாகத் தெளிந்தது. சிறிய ஆய்வுதான்; மருந்துக்கு மாற்றும் அன்று. ஆயினும் மனமும் தோலும் அண்டை வீட்டார் என்பதை அது காட்டுகிறது. 1997-இல் அவரும் அவர் மனைவி மைலாவும் இதே கவனத்தைப் பிள்ளை வளர்ப்புக்குப் பொருத்தி ஒரு நூல் எழுதினார்கள்.

நம் வீட்டில் இதை எப்படிச் செய்வது? “சொறியாதே” என்ற சொல் வாய்க்கு வருமுன், மெதுவாக ஒரு மூச்சு இழுத்து விடுங்கள். ‘நான் களைத்திருக்கிறேன், எனக்குக் கோபம் வருகிறது’ என்று உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். “ரொம்ப அரிக்குதாம்மா? எந்த இடம்?” என்று கேளுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதட்டலுக்கும் அரவணைப்புக்கும் இடையிலுள்ள தூரம் அந்த அரை நிமிடம்தான்.

அடுத்து, கைக்கு வேறு வேலை கொடுங்கள். சொறியும் பழக்கத்தை மாற்றும் பயிற்சியைக் களிம்போடு சேர்த்துக் கொடுத்தபோது, களிம்பு மட்டும் பூசியதைவிட நல்ல பலன் கிடைத்ததாக 1986-இல் சுவீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அரிக்கும் இடத்தில் உள்ளங்கையை அழுத்தி வைக்கலாம், பிறகு தலையணையை இறுகப் பிடிக்கலாம், ஈரத்துணியை ஒற்றலாம். நகத்தைக் குட்டையாக வெட்டிவிடுங்கள்.

களிம்பு பூசும் நேரத்தைத் தண்டனையாக்காதீர்கள். குளித்து, தோலை ஒற்றித் துடைத்தவுடன் ஈரப்பசைக் களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். அப்போது கைப்பேசி ஒரு புறம் இருக்கட்டும், பிள்ளையோடு பேசுங்கள். துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரம் இந்தத் தோலுக்கு ஆகாது. மருந்தடிக்கும் வேலையிலோ உரம் போடும் வேலையிலோ இருப்பவர்கள், குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

கரப்பான் பண்டம் என்று சொல்லிக் கத்தரிக்காய், கருவாடு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். ஒரு குறிப்பிட்ட உணவைத் தின்றதும் உடல் தடித்தாலோ முகம் வீங்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றபடி, வளரும் பிள்ளையின் சத்துணவை மருத்துவரைக் கேளாமல் குறைக்காதீர்கள்.

பள்ளியையும் மறக்கக் கூடாது. 1995-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகர மருத்துவர்கள், தோல்நோய் உள்ள பிள்ளைகளிடம் கேட்க 10 கேள்விகளைத் தொகுத்தார்கள். அரிப்பைப் பற்றி மட்டும் அவர்கள் கேட்கவில்லை. வெட்கமாக இருந்ததா, தூக்கம் கெட்டதா, விளையாட்டில் சேர முடிந்ததா, யாராவது பட்டப்பெயர் வைத்தார்களா என்றும் கேட்டார்கள். நீங்களும் கேளுங்கள். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஆசிரியர் எண்ணாதிருக்க, இரவு நடந்ததை ஒரு துண்டுத்தாளில் எழுதி அனுப்புங்கள். இது ஒட்டாது என்று ஆசிரியர் வகுப்பில் ஒருமுறை சொன்னால், பின்வரிசையில் ஒதுங்கிய பிள்ளை முன்வரிசைக்கு வரும்.

தோலில் நீர் கசிந்தாலோ, மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம்தான். மருந்துக் களிம்பின் அளவையும், எத்தனை நாள் பூசுவது என்பதையும் அங்கே கேட்டறியுங்கள். தானாக நிறுத்தவும் வேண்டாம், தானாகத் தொடரவும் வேண்டாம்.

இரவில் கண்விழிக்கும் முறையைக் கணவனும் மனைவியும் பங்கிட்டுக் கொள்ளுங்கள். ஒருவரே சுமந்தால் பொறுமை தீரும். தோல் ஆற நாளாகலாம். ஆனால் தன்னைக் கண்டு வீட்டார் முகம் சுளிக்கவில்லை என்ற நிம்மதியைப் பிள்ளைக்கு இன்றிரவே கொடுத்துவிடலாம். அதற்குச் சீட்டு எழுதித்தர மருத்துவர் தேவையில்லை.