கடன் தீராத ரூஹு

 

  

எண்ணியது முடியாமல் இறந்தவர் ஆவியாய் அலைவார் என்னும் நம்பிக்கை நம் தமிழகத்தில் மிகப் பழமையானது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கணவனால் கொலையுண்ட பெண், மறுபிறவியில் வணிகனாய் வந்த அவனைப் பேயாய்த் தொடர்கிறாள். அவனைத் தன் கணவன் என்று ஊரார் முன் வழக்காடுகிறாள். அவன் உயிருக்கு வேளாளர் எழுபது பேர் பிணை நிற்கின்றனர். அவள் பழிதீர்த்ததும், எழுபதின்மரும் வாக்குத் தவறாமல் தீப்புகுந்தனர் என்பது கதை. மறுபிறவியும் தற்கொலையும் நம் மார்க்கத்திற்கு ஒவ்வாதவை. எனினும் மக்கள் இன்றளவும் போற்றுவது பேயை அன்று, பிணை நின்றவர்களையே என்பதைக் கவனியுங்கள்.

நம் ஈமான் கூறுவது என்ன? மவ்த்து வந்தவன், தான் விட்டுவந்த நற்செயலைச் செய்வதற்காகத் தன்னைத் திருப்பியனுப்புமாறு மன்றாடுவான் என்றும், அது ஏற்கப்படாது என்றும், எழுப்பப்படும் நாள்வரை பர்ஸக் என்னும் திரை உண்டென்றும் ஸூரத்துல் முஃமினூனின் 99, 100 ஆம் வசனங்கள் அறிவிக்கின்றன. முடியாத காரியம் உண்டு; முடிக்கும் ஏக்கமும் உண்டு; திரும்பும் வழி மட்டும் இல்லை. ஜின்கள் வேறு படைப்பு. இறந்த மனிதர் ஜின்னாக மாறுவதில்லை.

இதை அறியாமையால் விளையும் கேடு சிறிதன்று. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட வழியின்றி மாண்டனர். பேய் பிடித்ததென்று நம்பி, நோயாளியை மருத்துவரிடம் காட்டாமல் கட்டிவைக்கும் வழக்கத்தின் விளைவு அது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடைசெய்துள்ளது. நம் வீட்டில் எவரேனும் அவ்வாறு பாதிக்கப்பட்டால், துஆவும் செய்யுங்கள். அரசு மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

பெரியோர்களே! ரூஹைப் பிணைத்து வைக்கும் கட்டு ஒன்று மெய்யாகவே உண்டு. முஃமினுடைய ரூஹு அவர் கடன் அடைக்கப்படும்வரை அதனோடு தொங்கிக்கொண்டிருக்கும் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் உள்ளது. அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டியவர்கள் உயிரோடிருக்கும் நாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. கடன் உண்டா என வினவினார்கள். மூன்று தீனார் உண்டு, விட்டுச்சென்ற பொருளோ இல்லை என்றனர். உங்கள் தோழருக்கு நீங்களே தொழுவியுங்கள் என்று ஒதுங்கினார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குத் தாம் பொறுப்பேற்றார்கள். அதன் பின்னரே தொழுவித்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. பிற்காலத்தில் வெற்றிகளால் செல்வம் வந்தபோது, கடனோடு இறக்கும் முஃமினின் கடனைத் தாமே அடைப்பதாகவும், அவர் விட்ட செல்வம் வாரிசுகளுக்கே உரியதென்றும் அறிவித்தார்கள்.

நம் வழக்கத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கும் நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கியேனும் செலவிடுகிறோம். மளிகைக்கடைப் பாக்கியையும் கைமாற்றையும் விசாரிப்பவர் சிலரே. பாகப்பிரிவினை குறித்த அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்கள், வஸிய்யத்தும் கடனும் போகவே பங்கு என்று வற்புறுத்துகின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மய்யித்தைத் தூக்குமுன், அழுது துவண்டிருக்கும் மனைவியிடம், ‘மஹரை மன்னித்துவிடும்மா’ என்று நான்கு பேர் சூழ்ந்து கேட்பது பல ஊர்களில் நடைமுறை. அவள் தலையசைத்தால் முடிந்தது என்கின்றனர். மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி மஹரில் எதுவும் நமக்கு ஆகாது என்பது அதே அத்தியாயத்தின் 4 ஆம் வசனத்தின் தீர்ப்பு. அந்த நேரத்துத் தலையசைப்பை மனமுவந்த சம்மதம் என்று நான் கொள்ளமாட்டேன். அது கணவர் மீதுள்ள கடன். அவர் சொத்திலிருந்து முதலில் கொடுக்கப்பட வேண்டியது. அவருக்குச் சொத்தில்லையெனில், வசதியுள்ள பிள்ளைகளோ சகோதரர்களோ அபூகதாதாவைப் போல முன்வரலாம்.

இன்று வீடு திரும்பியதும் ஒரு தாளெடுத்து, யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை, மஹர் உட்பட எழுதி, இருவரைச் சாட்சியாக்கி வைத்துக்கொள்ளுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பதைப் பற்றியதுதான்.