எபிசோட் 37: கிராஃப் எல்லாம் பச்சை, மீன் எல்லாம் சாவு

(ஒலி வடிவில் வெளியான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வழக்கமா இங்கே வேலை, கோடிங், இன்டர்வியூன்னு பேசுவோம். இன்னைக்கு எங்க வீட்டு ஹாலில் இருக்கிற மீன்தொட்டியைப் பத்திப் பேசப் போறேன். 9 நாளில் 14 மீன் செத்த கதை. கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. ஆனா இதைக் கேட்டு ஒருத்தர் அவசரப்பட்டு மீன் வாங்காம இருந்தாலும் போதும்.

முதலில் சிக்லிட்னா என்ன? நம்ம ஏரி, குளத்தில் கிடைக்கிற ஜிலேபி மீன் தெரியும்ல? அதுவும் சிக்லிட் குடும்பம்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தாங்க. கலங்கின தண்ணி, கழிவுத் தண்ணி எதுவா இருந்தாலும் பிழைச்சுக்கும், எது கிடைச்சாலும் தின்னும். நான் வாங்கினது அதே குடும்பத்தில் நேர் எதிர் குணம் உள்ள ஒரு சொந்தக்காரர். பேரு ட்ரோஃபியஸ் டுபோய்சி.

இதோட ஊர் டாங்கனிக்கா ஏரி. தான்சானியா, காங்கோ, புருண்டி, ஜாம்பியா என நாலு நாடுகளுக்கு நடுவில் இருக்கிற, உலகத்திலேயே இரண்டாவது ஆழமான ஏரி. ட்ரோஃபியஸ் அதோட கரையோரப் பாறைகளில் வாழுது. குஞ்சா இருக்கும்போது கன்னங்கரேல்னு உடம்பு, மேல வெள்ளைப் புள்ளிகள். ராத்திரி வானம் மாதிரி இருக்கும். அந்த அழகில்தான் விழுந்தேன். வளர்ந்தா புள்ளி போய், நீலத் தலையும் உடம்பைச் சுத்தி ஒரு பட்டையும் வந்துடும்.

5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி செஞ்சேன். 550 லிட்டர் பக்கம் வரும். 20 குஞ்சு விட்டேன். ஏன் 20? இது அடிதடி மீன். நாலஞ்சு மட்டும் விட்டா, பெரிய ஆண் ஒண்ணு மத்ததை ஒவ்வொண்ணா அடிச்சே கொன்னுடும். கூட்டமா இருந்தா அடி எல்லார் மேலயும் பிரிஞ்சு விழும். நம்ம ஊர் பாஷையில், லோடு பேலன்சிங்.

தண்ணிக்கு நான் நிறைய படிச்சேன். அந்த ஏரித் தண்ணி கடினமானது, பிஹெச் 9-ஐ ஒட்டி இருக்கும். அதில் ஒரு ஆபத்து இருக்கு. மீன் கழிவிலிருந்து வர்ற அமோனியாவில், 25 டிகிரியில், பிஹெச் 7-ல் 1 சதவீதத்துக்கும் கம்மியாத்தான் விஷ வடிவத்தில் இருக்கும். பிஹெச் 9-ல் அது மூணில் ஒரு பங்குக்கு மேல போயிடும். அதே அளவு கழிவு, ஆனா பல மடங்கு விஷம். அதனால் ஃபில்டர் ஒரு ராத்திரி நின்னாலும் சிக்கல். இன்வர்ட்டர் போட்டேன். மே மாசம் சென்னையில் தொட்டித் தண்ணி 31, 32 டிகிரிக்குப் போகும். சூடான தண்ணியில் ஆக்சிஜன் கம்மி. மூடியைத் திறந்து தண்ணி மேல ஃபேன் காத்து படுற மாதிரி வச்சேன், ஏர் பம்பும் கூடுதலா ஒண்ணு. வெப்பத்துக்கும் பிஹெச்சுக்கும் சென்சார், அதை ஒரு சின்ன போர்டில் இணைச்சு, போனில் டேஷ்போர்டு. ஏதாவது எகிறினா அலர்ட் வரும். பெருமையா ஆபீஸில் எல்லாருக்கும் காட்டினேன்.

ஒரு வருஷம் நல்லாப் போச்சு. அப்புறம்தான் எனக்கு ஆசை வந்துச்சு. சீக்கிரம் வளரணும், முட்டை போடணும். ஸ்பைருலினா தீனியோட, ரத்தப்புழுவும் போட ஆரம்பிச்சேன். மீன்கள் பாய்ஞ்சு பாய்ஞ்சு சாப்பிட்டுச்சு. பார்க்கவே சந்தோஷமா இருந்தது.

அப்பா ரிட்டயர் ஆகி எங்க கூடத்தான் இருக்கார். சின்ன வயசில் செங்கல்பட்டுப் பக்கம் ஏரியில் ஜிலேபி பிடிச்சவர். தினமும் காலையில் காபியோட தொட்டி முன்னாடி உட்கார்ந்துடுவார். ஒரு நாள் சொன்னார்: "டேய், அந்த மூலையில நிக்கறான் பாரு, அவன் தீனியை வாயில வாங்கித் துப்பிடறான்." நான் போனை எடுத்துப் பார்த்தேன். வெப்பம் சரி, பிஹெச் சரி. "எல்லாம் நார்மலா இருக்குப்பா"ன்னு சொல்லிட்டு கிளம்பிட்டேன். மறுநாள், "வெள்ளையா நூல் மாதிரி கழிவு தொங்குதுடா"ன்னார். "சாயங்காலம் பார்க்கறேன்பா." நாலாவது நாள் காலையில் முதல் மீன் வயிறு ஊதி மிதந்துச்சு.

இதுக்குப் பேரு ப்ளோட். ட்ரோஃபியஸ் பாறை மேல படர்ந்திருக்கிற பாசியை நாள் பூரா சுரண்டித் தின்கிற மீன். அதுக்கேத்த மாதிரி ரொம்ப நீளமான குடல். அதில் புரதம் அதிகமான தீனி போனா செரிமானம் கெடும். கூடவே அடிதடி, மன அழுத்தம் சேர்ந்தா குடலில் இருக்கிற கிருமிகள் கை ஓங்கிடும். மெட்ரோனிடசோல் கொடுக்கலாம். ஆனா அதைத் தீனியில் கலந்து கொடுத்தால்தான் நல்லா வேலை செய்யும். மீன் சாப்பிடுறதை நிறுத்தின பிறகு எப்படிக் கொடுப்பீங்க? தண்ணியில் கலந்து பார்த்தேன். அப்பா சொன்ன முதல் நாளே தீனியை நிறுத்தியிருந்தா பாதியாவது பிழைச்சிருக்கும்னு இன்னமும் தோணுது. 14 போச்சு. அப்பா ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. மொட்டை மாடித் தொட்டியில் ஒவ்வொண்ணா புதைச்சுட்டு வந்தார். அதுதான் இன்னும் வலிச்சது.

மிச்சம் 6. கூட்டம் குறைஞ்சதும் பெரியவன் மத்தவங்களைத் துரத்த ஆரம்பிச்சான். ஒண்ணு ரெண்டா புதுசு சேர்த்தா அதுங்களைக் கொன்னுடுவான். அதனால் பாறையெல்லாம் எடுத்து மாத்தி அடுக்கி, யார் இடம் எதுன்னு எல்லாருக்கும் குழப்பம் பண்ணிட்டு, ஒரே நேரத்தில் 15 குஞ்சுகளை விட்டேன். தாக்குப் பிடிச்சுது.

இப்போ தீனி டிபார்ட்மென்ட் அப்பாகிட்ட. ஸ்பைருலினா மட்டும், கொஞ்சம் கொஞ்சமா. டேஷ்போர்டு இன்னும் ஓடுது. அது தண்ணியைப் பத்திச் சொல்லும், மீனைப் பத்திச் சொல்லாது. இப்போ ஃப்ரிட்ஜ் மேல ஒரு நோட்டு இருக்கு. யார் சாப்பிட்டான், யார் ஒதுங்கினான்னு அப்பா எழுதுவார். காலையில் நான் முதலில் பார்க்கறது அந்த நோட்டைத்தான்.

வாங்கணும்னு நினைக்கிறவங்களுக்கு: 20 மீனுக்கு இடம் இருக்கா? கரண்ட் போனா ஃபில்டர் ஓடுமா? தினம் 10 நிமிஷம், போனைக் கீழே வச்சுட்டு, உட்கார்ந்து பார்க்க வீட்டில் ஆள் இருக்கா? மூணில் ஒண்ணுக்கு இல்லைன்னு பதில் வந்தாலும், இப்போ வேண்டாம்.

போன வாரம் நோட்டில் ஒரு வரி: "ஒருத்திக்குத் தாடை உப்பியிருக்கு. முட்டை வச்சிருக்காளோ?" ட்ரோஃபியஸ் முட்டையை வாயில் வச்சுத்தான் அடைகாக்கும், கிட்டத்தட்ட ஒரு மாசம். போய்ப் பார்த்தேன். ஆமாம், வச்சிருக்கா.

உங்க தொட்டிக் கதைகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.