இருவகை வணக்கம்



என் பாட்டனார் பண்ணையார் முன் துண்டைக் கக்கத்தில் இடுக்கி முதுகு வளைந்து நின்றார். அஃது அச்சத்தின் வளைவு.

அடிமைத்தளைக்குத் தலைவணங்காத அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது, புத்தர் சிலை முன் கைகூப்பி மும்முறை வணங்கினார். ஏன்?

அண்ணல் ஏற்ற புத்தர் வரமருளும் கடவுளல்லர், வழிகாட்டிய ஆசான். பௌத்தர்கள் இரு முழங்கால்கள், இரு கைகள், நெற்றி ஆகிய ஐந்தும் நிலத்தில் படிய மும்முறை பணிவர். கொரிய நாட்டில் நாள்தோறும் 108 முறை பணிவோரும் உளர். நெற்றி தரையைத் தொடுகையில் ஆணவம் அடங்குகிறது. எழுகையில் உடலும் உள்ளமும் ஒருங்கே நிமிர்கின்றன.

மாணவர்களே, அச்சத்தால் எவர் முன்னும் வளையாதீர்கள். அறிவின் முன் விரும்பிப் பணியுங்கள். அவ்வாறு பணிந்தோர் நிமிர்ந்தே எழுவர்.